பாடசாலை மூடினால் மலையகப் பிள்ளையின் கால்களுக்கு என்ன ஆகிறது?

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம், இலங்கையின் மலையகம். கொவிட் தொற்றால் பாடசாலைகள் மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பில் படித்த என் அக்கா மகளின் வட்ஸ்அப் குழுவுக்குச் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தின் வேலையொன்று வந்தது: கரப்பந்தாட்ட மைதானத்தைப் படமாக வரைந்து, அளவு குறித்து அனுப்பவும். அவள் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடிமட்டம் வைத்து, 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட மைதானத்தைக் கொப்பியில் ஒரு சாணுக்குள் அடக்கினாள். "மாமா, சர்வ் போடுறவங்க இந்தக் கோட்டுக்கு உள்ள நிக்கணுமா, வெளிய நிக்கணுமா?" என்று கேட்டாள். வெளியே என்றேன். பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அந்தத் தவணையில் அவள் படித்த உடற்கல்வி அவ்வளவுதான்.

அவள் உட்கார்ந்திருந்த லயத்துக் காம்பரா (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் ஓர் அறை) பத்துக்குப் பன்னிரண்டு அடி. வெள்ளைக்காரன் காலத்து லயங்களின் வழக்கமான அளவு. சதுர மீற்றரில் கணக்குப் போட்டால் 11 வரும். அவள் வரைந்த மைதானம் 162.

பாடசாலை மூடினால் பிள்ளைகளின் உடலசைவு குறையும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறதே, அதற்கு மேல் விளக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இடிக்கிறது. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் சரியான மைதானமே கிடையாது. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம், ஒரு பக்கம் கட்டடம், மறுபக்கம் பள்ளம். பந்து உருண்டால் தேயிலைக்குள் போய்த் தேடவேண்டும். உடற்கல்விக்கு வாரத்தில் ஓரிரு பீரியட். மழை பெய்தால் அதுவும் வகுப்புக்குள்தான். அப்படியென்றால் பாடசாலை மூடியதால் பிள்ளைகளிடமிருந்து போனது எது?

முதலில் உலகக் கணக்கைப் பார்த்துவிடலாம். 5 முதல் 17 வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நடுத்தர அல்லது கடுமையான உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல். நடுத்தரம் என்றால் பேச முடியும், பாட முடியாது. கடுமை என்றால் நாலு சொல் பேசுவதற்குள் மூச்சு வாங்கும். கொவிட் வருவதற்கு முன்பே, உலகத்தில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 வீதமானோர் இந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் அது 85 வீதம். அப்புறம் கொவிட் வந்தது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வந்த ஒரு மீளாய்வு, பிள்ளைகளின் மொத்த உடலசைவு 20 வீதம் குறைந்தது என்றது. அடி பலமாக விழுந்தது மூச்சு வாங்க வைக்கும் அசைவின்மேல்தான். நடுத்தரமும் கடுமையும் சேர்ந்த அசைவில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 நிமிடம் காணாமல் போயிருந்தது.

ஏன் குறைகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் 2017இல் முன்வைத்த ஒரு கருதுகோள் இருக்கிறது. ஒழுங்குக்குள் ஓடும் நாளில் பிள்ளை தானாகவே அசையும், நேரத்துக்குச் சாப்பிடும், நேரத்துக்குத் தூங்கும். ஒழுங்கு இல்லாத நாளில் மூன்றும் குலையும் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் பாலர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், உடற்பருமன் கூடியதெல்லாம் கோடை விடுமுறை மாதங்களில்தான். பாடசாலை நடந்த மாதங்களில் கூடவில்லை. உட்கார வைத்துப் படிப்பிக்கும் இடம் என்று நாம் குறைசொல்லும் பாடசாலைதான் பிள்ளையை எழுப்பி நடக்க வைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது.

சரி, இது அங்கே. பஸ்ஸில் ஏறிப் பாடசாலைக்குப் போய், அங்கே ஜிம்முக்குள் ஓடி, பஸ்ஸிலேயே திரும்பி வரும் பிள்ளைகளின் கதை. மலையகத்தில் அந்த 60 நிமிடம் பாடசாலைக் கேட்டுக்கு வெளியே இருந்தது. பிள்ளைகள் நடந்த பாதையில் இருந்தது.

எங்கள் பக்கத்துப் பாதை ஒன்றைச் சொல்கிறேன். மேல் லயத்து வாசலில் தொடங்கும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கமாகக் கல்படி இறங்கும். படி முடிந்ததும் தேயிலைக்குள் புகும் குறுக்குப் பாதை. ஒராள் நடக்கும் அகலம், இரண்டு பக்கமும் இடுப்பளவு கொழுந்துச் செடி. நடுவில் ஓடை, அதன்மேல் இரண்டு மரத் துண்டு. ஏறினால் கோயில். கோயிலைத் தாண்டி ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ரோட்டு, பிறகு தார் ரோட்டு, அதன் ஓரத்தில் பாடசாலை. மோட்டார் ரோட்டால் சுற்றினால் ஐந்து கிலோமீற்றர் வரும் தூரம் குறுக்கால் இரண்டுதான். காலையில் இறங்க அரை மணி. மத்தியானம் ஒன்றரைக்கு மணி அடித்து, புத்தகப் பையோடு ஏறி வீடு சேர முக்கால் மணி, ஐம்பது நிமிடம்.

இதை உடலியல் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியைப்போல் மூன்று மடங்கு செலவானால் அது நடுத்தர அசைவு. ஆறு மடங்கைத் தொட்டால் கடுமை. மட்டமான ரோட்டில் நடப்பது மூன்று, மூன்றரை மடங்கில் நிற்கும். மேட்டில் ஏறுவது ஆறைத் தாண்டும். ஆக, தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்குப் போய்வந்தாலே 60 நிமிடம் முடிந்துவிடும். வீடு திரும்பும் ஏற்றத்தில் கடுமையான பங்கும் சேர்ந்துவிடும். உடற்கல்வி ஆசிரியர் தேவையில்லை, விசில் தேவையில்லை. வாரத்தில் ஐந்து நாள், மழையோ பனியோ, தவறாமல்.

இறங்குவதைச் சுலபம் என்று நினைப்போம். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. தசைக்குப் பலம் ஏற்றுவதில் அந்த வேலைக்குத் தனி இடம் உண்டு. காலை அழுத்தி ஊன்றும் ஒவ்வோர் அடியும், ஓடைக்கு மேல் தாவும் ஒவ்வொரு தாவலும் எலும்புக்குச் சுமை. வளரும் எலும்பு அந்தச் சுமைக்கு ஏற்பத்தான் கெட்டிப்படுகிறது. பிள்ளை வேகமாக உயரும் இரண்டே இரண்டு ஆண்டுகளில், வளர்ந்தவரின் எலும்பில் இருக்கும் கனிமத்தின் ஏறக்குறைய கால்வாசி சேர்ந்துவிடுகிறது. பெண் பிள்ளைக்கு அது பன்னிரண்டு வயதை ஒட்டி, ஆண் பிள்ளைக்குப் பதினான்கை ஒட்டி. 2020இல் பன்னிரண்டு வயதாக இருந்த பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டும் எப்படிப் போயின என்று எண்ணிப் பாருங்கள்.

பாதையை நான் புனிதமாக்கவில்லை. குளவி கொட்டும். மழைக்காலத்தில் அட்டை காலுறைக்குள் போய் இரத்தம் குடிக்கும். சில மலைகளில் சிறுத்தை இறங்கும். சப்பாத்து சேறாகி வகுப்பில் ஏச்சு விழும். அந்தப் பாதையில் நடந்தே படிப்பை விட்ட பிள்ளைகளும் உண்டு. ஆனால் அதில் யாரும் தனியாக நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கடைசிக் காம்பராப் பிள்ளை முதல் காம்பராவுக்கு வந்து கூப்பிடும். இரண்டு லயம் சேர்ந்தால் பத்துப் பதினைந்து பேர். ஓடைவரைக்கும் யார் முதலில் என்று ஒரு பந்தயம். கொய்யா மரத்துக்குக் கல்லெறிவது. கோயில் திண்ணையில் மூச்சு வாங்க ஒரு நிமிடம். பிள்ளை ஓடுவது பெரும்பாலும் இன்னொரு பிள்ளை ஓடுவதால்தான்.

இந்தக் கூட்டம் இல்லாமல் பெற்றோர் "போய்க் கொஞ்சம் நடந்துட்டு வா" என்றால் எந்தப் பிள்ளையும் அந்தப் படியில் இறங்கி ஏறாது. போவதற்கு ஓர் இடம் வேண்டும், கூட வர ஆள் வேண்டும்.

இனி மூடல்களின் கணக்குக்கு வருகிறேன். 2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை முதல் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜூலையில் கட்டம் கட்டமாகத் திறந்தன. ஒக்டோபரில் மினுவாங்கொடையில் தொடங்கிய புதிய கொவிட் அலையோடு மறுபடி மூடின. 2021இல் கொஞ்ச நாள் நடந்து, ஏப்ரல் கடைசியில் மறுபடி பூட்டு. நடுவே ஆசிரியர்களின் சம்பளப் போராட்டத்தால் இணையவழிப் படிப்பும் நின்றது. ஒக்டோபர் 21இல் 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளைத்தான் முதலில் திறந்தார்கள்; சின்னச் சின்னத் தோட்டப் பாடசாலைகள் பல அந்த முதல் வரிசையில் வந்தன. அப்பாடா என்று இருக்கும்போது 2022 பொருளாதார நெருக்கடி. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பஸ் இல்லை. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசிக்குக் கிட்டவரை மறுபடி மூடல், திறந்த பின்னும் வாரத்தில் மூன்று நாள்தான். தோட்டத்துப் பிள்ளைக்குப் பெற்றோல் தேவையில்லை, அது நடந்துதான் வந்தது. ஆசிரியருக்குத் தேவைப்பட்டது. டவுனிலிருந்தும் கண்டிப் பக்கத்திலிருந்தும் பஸ் மாறி வரும் ஆசிரியர்களை நம்பித்தானே பல தோட்டப் பாடசாலைகள் ஓடுகின்றன.

எல்லா மூடலும் ஒரே மாதிரியாகப் பிள்ளைகளைத் தாக்கவில்லை. இது பலரும் கவனிக்காத இடம். 2020 மார்ச், ஏப்ரலில் எங்கள் பக்கம் வெயில். சிவனொளிபாத மலைப் பருவம், வானம் திறந்து கிடக்கும் காலம். ஊரடங்கு இருந்தாலும் தேயிலை வேலையை அரசாங்கம் நிறுத்தவில்லை. அம்மா அப்பா காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனார்கள், பிள்ளைகள் வாசலுக்கு வந்தார்கள். முதல் சில வாரம் லய வாசலில் நடந்த கிரிக்கெட்டைப்போல் நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. விக்கெட்டுக்குத் தகரப் பீப்பாய். எல்லே, கிளித்தட்டு, பழைய டயர், எல்லாம் உயிர்பெற்றன. பாடசாலை மூடல் பிள்ளைக்கு நல்லதோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

ஜெர்மனியிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. 2020 வசந்தகால முடக்கத்தில் அங்கே பிள்ளைகளின் கழக விளையாட்டு நின்றுபோனது, ஆனால் வெளியே சும்மா ஓடி விளையாடுவது, சைக்கிள் ஓட்டுவது, நடப்பது எல்லாம் சேர்ந்து அன்றாட அசைவு நாளொன்றுக்கு அரை மணிக்கும் மேல் கூடியது. வெளியே இடம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மாடி வீட்டுப் பிள்ளைகளைவிட அதிகம் அசைந்தார்கள். அடுத்த முடக்கம் குளிர்காலத்தில் வந்தபோது அசைவு சரிந்தது.

எங்களுக்குக் குளிர்காலம் இல்லை, தென்மேற்குப் பருவமழை இருக்கிறது. மே கடைசியில் தொடங்கினால் அட்டன், வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா பக்கமெல்லாம் செப்டெம்பர்வரை ஓயாது. வாசல் சேறாகும், வழுக்கும். மூன்று நாள் காயாத துணி அடுப்புக்கு மேல் தொங்கும். பாடசாலை நடக்கும் காலத்தில் அதே மழையில் பிள்ளை குடையோடு நடந்துதான் போகும், போயே ஆகவேண்டும். பாடசாலை இல்லையென்றால் அந்த மழையில் வெளியே போகக் காரணமே இல்லை. அந்த ஜூனில்தான் கரப்பந்தாட்ட மைதானம் கொப்பிக்குள் போனது. 2021இன் நீண்ட மூடலும் 2022இன் மூடலும் சரியாக மழைக்காலத்தில் வந்து விழுந்தன. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மழை வருட முடிவில்தான் பலக்கும். அவர்களுடைய ஜூன் காற்றடிக்கும் காய்ந்த ஜூன். ஒரே மூடல் மலையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு விதமாக இருந்திருக்கும்.

மூடல் இன்னொன்றையும் குலைத்தது. இல்ல விளையாட்டுப் போட்டி எப்போதும் முதலாம் தவணையில் வரும். ஜனவரி தொடங்கினால் கம்பர் இல்லம், வள்ளுவர் இல்லம், பாரதி இல்லம் என்று பிள்ளைகள் பிரிந்து, பின்னேரங்களில் ஓட்டம், பாய்ச்சல், அணிநடை என்று மாசிவரைக்கும் அமளிதான். வருடத்தில் வேறெந்தக் காலத்திலும் வியர்க்காத பிள்ளை அந்த ஆறேழு வாரம் வியர்க்கும். ஓடத் தெரியாத பிள்ளைக்கும் கொடி பிடிக்கிற வேலை, இல்லம் சோடிக்கிற வேலை. மலையகத்தின் மேற்குப் பக்கத்துக்கு அது காய்ந்த காலம் என்பதால் போட்டிக்கும் வானத்துக்கும் ஒத்துப்போனது. மூடல்களில் இழந்த நாட்களைச் சரிக்கட்டக் கல்வியாண்டைத் தள்ளினார்கள். 2022ஆம் ஆண்டுக்கான கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கியது, 2023க்கானது மார்ச் கடைசியில், 2024க்கானது பெப்ரவரியில். முதலாம் தவணை நகர்ந்து நகர்ந்து மே, ஜூன் மழைக்குள் போய் விழுந்தது. வகுப்புகள் திறந்துவிட்டன, பிள்ளைகள் வந்துவிட்டார்கள், ஆனால் ஓடவேண்டிய பருவம் கடந்துவிட்டது. 2025இல்தான் ஜனவரிக்கு, அதுவும் அதன் கடைசி வாரத்துக்கு, ஆண்டுத் தொடக்கம் திரும்பி வந்தது. பாடசாலை மூடியிருந்த நாட்களை மட்டும் எண்ணும் கணக்கில் இது வராது.

உடம்புக்கு வருவோம். வெளிநாட்டு ஆய்வுகள் இந்த விஷயத்தைப் பெரும்பாலும் எடையை வைத்து அளக்கின்றன: மூடலில் பிள்ளை குண்டாகிறது, அதனால் ஆபத்து. தோட்டத்தில் அந்தத் தராசு ஏமாற்றும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. இந்தப் பிள்ளைகள்தான் 2020இல் ஆரம்ப வகுப்புகளில் இருந்தார்கள். பாடசாலை மூடியபோது அங்கே கிடைத்த ஒரு வேளைச் சாப்பாடும் நின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்துக்குப் போனது. கோதுமை மா ரொட்டியை நம்பி வேலைக்குப் போகும் வீடுகளில் ரொட்டியின் கனம் குறைந்தது.

உள்ளே போகும் சக்தி குறைந்தால் உடல் முதலில் வெட்டும் செலவு விளையாட்டு. ஓடுவதை நிறுத்தும், உட்காரும், படுக்கும். பிள்ளை சோம்பேறியாகவில்லை, சிக்கனமாகிறது. வெளியே பார்த்தால் எடை கூடவில்லை, அதனால் பிரச்சினை எதுவும் இல்லை என்று தோன்றும். தசை சேரவேண்டிய இடத்தில் சேரவில்லை என்பது எந்தத் தராசிலும் தெரியாது. மெலிந்த பிள்ளைக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: சாப்பாடும் அசைவும் சேர்ந்தால்தான் உணவு தசையாகும், எலும்பாகும். மூடல் இரண்டையும் ஒரே நாளில் பறித்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் வீட்டு வேலையும் உடலசைவுதான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் மூடல் காலத்தில் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை நிறையவே அசைந்தாள். பீலியில் தண்ணீர் பிடித்து ஏற்றினாள், கவ்வாத்து வெட்டிய மலையில் விறகு பொறுக்கினாள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தாள், துணி துவைத்தாள். அம்மா கொழுந்தெடுத்து வருவதற்குள் வீடு ஒழுங்காகியிருக்கவேண்டும். பெரிய தம்பியோ வாசலில் பந்தடித்தான். இடுப்பில் அசைவுமானி ஒன்றைக் கட்டியிருந்தால் அவளுடைய நிமிடங்கள் அவனுடையதைவிடக் குறைந்திருக்காது. ஆனால் அவள் எதையும் தாண்டிக் குதிக்கவில்லை, கையை வீசி எறியவில்லை, முழு மூச்சில் ஓடவில்லை. குடத்தோடு ஓட முடியுமா? பாடசாலைப் பாதை பெண் பிள்ளைக்குக் கேள்வி கேட்காமல் ஓட அனுமதித்த கொஞ்ச இடங்களில் ஒன்று. வயதுக்கு வந்த பிறகு வாசலில் விளையாடினால் ஏதாவது சொல்லும் அம்மாயிகூட, பாடசாலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினால் ஒன்றும் சொல்லமாட்டார்.

போன் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். ஒரு வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவுடையது, அவர் வேலையிலிருந்து வந்தால்தான் பாடம். சிக்னல் தேடி மேட்டுக்கும் பாறைக்கும் ஏறிய பிள்ளைகளின் படங்கள் 2021இல் பதுளை மாவட்டத்திலிருந்து உலகப் பத்திரிகைகள்வரை போயின. அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே ஏற்றம் அதுதான் என்று யாரும் எழுதவில்லை. ஏறி முடிந்ததும் மணிக்கணக்காக ஒரு சின்னத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்பது வேறு. கண்ணுக்கும் இதில் பங்குண்டு: சீனாவில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளிடம் 2020இல் கிட்டப்பார்வை முந்திய ஆண்டுகளைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. வெளிவெளிச்சத்தில் இருக்கும் நேரம் குறைந்தால் அப்படி ஆகும் என்பது கண் மருத்துவர்கள் முன்பே சொல்லி வந்ததுதான்.

கொவிட் போய்விட்டது, இனி மூடல் இல்லை என்று மலையகத்தில் யாராலும் சொல்ல முடியாது. இங்கே மூடலுக்கு மண் காரணமாகிறது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, தப்பியவர்கள் முதலில் தங்கியது கொஸ்லந்தைப் பாடசாலைகளில். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலை மாவட்டங்கள்தான் அதிகம் அடிபட்டன. பாடசாலைகள் மறுபடி முகாம்களாயின. இந்த மூடல் கொவிட் மூடலுக்கு நேரெதிர்: பிள்ளைகள் பாடசாலைக்குள்ளேயே இருந்தார்கள், பாடசாலைதான் நடக்கவில்லை. மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்த வகுப்பறை, முற்றத்தில் சமையல், சாமான் இறக்கும் லொறி. ஓட இடம் இல்லை என்பது ஒரு பக்கம். மலையைப் பார்த்தாலே பயப்படும் பிள்ளையை அந்த மலைமேல் ஓடி விளையாடச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது என்பது இன்னொரு பக்கம். பயம் காலைக் கட்டுவதை எந்த அசைவுமானியும் அளப்பதில்லை.

மறுபடி திறக்கும்போது என்ன நடக்கிறது? 2021 ஒக்டோபரில் திறந்த முதல் வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வழக்கமாக ஒரே மூச்சில் ஏறும் படியில் பிள்ளைகள் நடுவில் நின்று முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கினார்கள். இருதயமும் நுரையீரலும் பழக்கம் விட்டால் சில வாரத்திலேயே தளர்ந்துவிடும், மறுபடி நடந்தால் சில வாரத்தில் தேறியும்விடும். பிள்ளைகளின் உடம்பு அந்த விஷயத்தில் தாராளமானது. நடந்தால் தேறும் என்பதுதான் அதில் உள்ள நிபந்தனை. வகுப்பில் விட்டுப்போன பாடங்களை முடிக்க உடற்கல்விப் பீரியட்டைக் கணிதமும் விஞ்ஞானமும் எடுத்துக்கொண்டன. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், பரீட்சை தலைக்கு மேல் நின்றது. பின்னேரம் டியூஷன் வந்தது. இரண்டு வருடம் வீட்டோடு வைத்திருந்த பிள்ளையைத் தனியாகத் தேயிலைக்குள் அனுப்பப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. நாலைந்து வீடு சேர்ந்து ஆட்டோ பேசிக்கொண்டார்கள்.

ஆட்டோ மோட்டார் ரோட்டால்தான் போகும். அதனால் குறுக்குப் பாதைக்கு என்ன ஆனது என்று யாரும் பார்க்கவில்லை. நான் போன மாசியில் ஒரு நாள் இறங்கிப் பார்த்தேன். தேயிலைக்குள் நடப்பதற்கிருந்த ஒராள் அகலம் மானாப் புல்லால் மூடியிருந்தது. ஓடைக்கு மேலிருந்த இரண்டு மரத் துண்டில் ஒன்று இல்லை. அதைத் திருத்துவது தோட்டத்தின் வேலையா, பிரதேச சபையின் வேலையா என்று கேட்டுப் பார்த்தேன். 2018இல் சட்டத்தைத் திருத்தும்வரை பிரதேச சபை தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. இப்போது இடமிருக்கிறது, ஆனால் அது மோட்டார் ரோட்டுகளையே பார்த்து முடிக்கவில்லை. தோட்டத்தில் கேட்டால், கொழுந்தெடுக்கிற மலையில் பாதை எடுத்தால் செடி போகும் என்கிறார்கள். அந்தப் பாதையை முன்பும் யாரும் வெட்டிப் பராமரிக்கவில்லை. தினமும் காலையும் மத்தியானமும் முப்பது நாற்பது சோடிக் கால் நடந்ததால் அது பாதையாக இருந்தது. அக்கா மகளுக்கு இப்போது வயது பத்தொன்பது. அவளைக் கேட்டால் கோயில் வரைக்கும் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன் என்கிறாள். அவளுடைய தம்பிக்குப் பத்து வயது. ஆட்டோவில் போகிறான். ஓடை எந்தப் பக்கம் என்று கேட்டேன், தெரியவில்லை.